25 பேர் வரும் விருந்துக்கு எந்தப் பானம்: ஜூலப்பா, சாஸரக்கா, பன்ச்சா?

டிசம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விருந்துதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை ஒரு வீடு, புத்தாண்டுக்கு முந்தைய இரவு இன்னொரு வீடு என்று முறை வைத்துக் கூடுவோம். என் முறை வரும்போது 25 பேர் வருவார்கள். பாதி தமிழ்க் குடும்பங்கள், பாதி இந்த ஊர்க்காரர்கள். சாப்பாட்டைப் பற்றி நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. பானம்தான் பல வருடம் பாடாய்ப் படுத்தியது.

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் இதற்கென்று ஆழமான ஒரு மரபு இருக்கிறது. கென்டக்கிக்கு மின்ட் ஜூலப். நியூ ஆர்லியன்ஸுக்கு சாஸரக், ராமோஸ் ஜின் ஃபிஸ், ஹரிக்கேன், பால் பன்ச். ஜார்ஜியாவின் சவானா நகருக்கு சாத்தம் ஆர்ட்டிலரி பன்ச். எல்லாவற்றையும் ஒருமுறையாவது வீட்டில் செய்து பார்த்துவிட்டேன். சுவையில் ஒன்றுக்கொன்று சளைத்தவை இல்லை. அதனால் சுவையை வைத்து முடிவு எடுக்கவே முடியாது. கடைசி விருந்தாளி வாசலில் வந்து நிற்கும்போது வீட்டுக்காரர் கூடத்தில் இருப்பாரா, சமையல் மேடையில் மாட்டிக்கொண்டிருப்பாரா? நான் இப்போது பார்ப்பது இதை மட்டும்தான்.

இந்தப் பாடம் எனக்கு ஜூலப்பில் கிடைத்தது.

ஜூலப் என்ற பெயர் நமக்குத் தூரத்து உறவு. பாரசீகத்தில் குலாப் என்றால் பன்னீர். குலாப் ஜாமூனில் இருக்கும் அதே குலாப். அது அரபியில் ஜுலாப் ஆகி, ஐரோப்பாவில் கசப்பு மருந்தை விழுங்கக் கொடுக்கும் இனிப்புப் பாகுக்குப் பெயராகி, கப்பலேறி வர்ஜீனியாவுக்கு வந்து, அங்கே மதுவோடும் புதினாவோடும் சேர்ந்தது. பிறகு கென்டக்கி அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. மே மாதம் முதல் சனிக்கிழமை லூயிவில் நகரின் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் நடக்கும் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம் 1875-இல் தொடங்கியது. இன்று அந்தப் பந்தயத்தையொட்டிய 2 நாட்களில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜூலப் விற்கிறது.

சரியாகச் செய்த ஜூலப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளியிலோ பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவையிலோ செய்த சிறு கோப்பை. அடியில் 8, 10 புதினா இலைகளும் 15 மி.லி. சர்க்கரைப் பாகும். மத்தின் முனையால் இலையை மெதுவாக அழுத்தினால் போதும். வாசனை எண்ணெய் இலையின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. துவையலுக்கு இடிப்பதுபோல் இடித்தால் பச்சைக் கசப்பு இறங்கிவிடும். அதன்மேல் 60 மி.லி. பூர்பன் (பெரும்பாலும் சோளத்தில் வடிக்கும் அமெரிக்க விஸ்கி), அதாவது நம் கணக்கில் ஒரு பெரிய பெக். கோப்பை விளிம்பைத் தாண்டிக் குவியும் அளவுக்கு நொறுக்கிய ஐஸ். கிளறக் கிளறக் கோப்பையின் வெளிப்புறம் முதலில் வியர்க்கும், பிறகு வெள்ளையாய் உறைபனி பூக்கும். அந்தப் பனியில் விரல் ரேகை பதியக்கூடாது என்று விளிம்பையோ அடியையோ பிடித்துத் தருவார்கள். மேலே ஒரு கொத்துப் புதினாவைச் செருகி, உறிஞ்சுகுழலை அதன் பக்கத்திலேயே குட்டையாக வெட்டி வைப்பார்கள். ஒவ்வொரு மடக்குக்கும் மூக்கு புதினாவுக்குள் போக வேண்டும் என்பதற்காக.

இந்தக் கோப்பையைப் பற்றிப் பேசும்போது வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் வாழ்ந்த ஜான் டாப்னியைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அடிமையாகப் பிறந்தவர். அவர் செய்த ஜூலப்புக்கு நகரமே மயங்கியது. அந்தத் தொழிலில் கிடைத்த காசைச் சேர்த்து வைத்துத் தன் மனைவியின் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார். தெற்கின் மதுக் கலையைப் பற்றிய படங்களில் வெள்ளிக் கோப்பையைப் பிடித்திருக்கும் கனவான்களைத்தான் காட்டுவார்கள். ஐஸை நொறுக்கியதும் புதினாவைப் பதம் பார்த்ததும் பெரும்பாலும் கறுப்பினத்தவரின் கைகள்.

25 பேருக்கு ஜூலப் செய்யத் துணிந்த வருடம் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஒரு கோப்பைக்கு 4 நிமிடம். முதல் சுற்றுக்கே 100 நிமிடம். ஐஸைத் துணிப்பையில் கட்டிப் பூரிக்கட்டையால் அடித்துக்கொண்டே இருந்தேன். பத்தாவது கோப்பை கைக்கு வரும்போது முதலில் வாங்கியவர் காலிக் கோப்பையோடு வந்து நின்றார். அவசரத்தில் புதினாவை நசுக்கியதில் கடைசி ஏழெட்டுக் கோப்பைகள் கசந்தன. வாசல் மணி அடித்தபோதெல்லாம் விருந்தாளிகளே ஒருவருக்கொருவர் கதவைத் திறந்துகொண்டார்கள். எல்லோரும் கிளம்பும்போதுதான் பலருடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். ஜூலப்மேல் ஒரு குறையும் இல்லை. அது மே மாத வெயிலில், தோட்டத்தில் புதினா மதமதவென்று நிற்கும்போது, 4 பேர் திண்ணையில் உட்கார்ந்து குடிக்க ஏற்பட்டது. டிசம்பர் இரவில் பெருங்கூட்டத்துக்கு அதை இழுத்து வந்தது என் தவறு.

சாஸரக்கில் ஐஸ் நொறுக்கும் வேலை இல்லை. ஆனால் அதற்கு வேறு நுணுக்கம் வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் ஆன்ட்வான் அமெடே பெய்ஷோ என்ற மருந்துக்கடைக்காரர் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு சிவப்பு பிட்டர்ஸ் தயாரித்தார்; பிட்டர்ஸ் என்பது சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் கசப்பு மூலிகைச் சாரம். அதன் வாசனையிலும் நிறத்திலும்தான் இந்தப் பானம் இன்றும் நிற்கிறது. ஆரம்பத்தில் இதில் கலந்தது பிரெஞ்சுக் கோன்யாக் பிராந்தி. பிரான்ஸின் திராட்சைக் கொடிகளைப் பூச்சி அரித்துத் தின்ற காலத்தில் கோன்யாக் கிடைக்காமல் போக, அந்த இடத்துக்கு ரை என்ற தானியத்தில் வடித்த அமெரிக்க விஸ்கி வந்தது. கோப்பையில் தடவும் அப்சிந்த் என்ற சோம்பு வாச மதுவை 1912-இல் அரசு தடை செய்ததும் அதற்கும் மாற்று தேட வேண்டியதாயிற்று. 1934-இல் அதே ஊரில் ஹெர்ப்செயின்ட் என்ற மாற்று மது வந்தது. இப்படி உள்ளே இருப்பது ஒவ்வொன்றாக மாறியும் பெயர் மாறாமல் நின்ற பானத்தை 2008-இல் லூசியானா சட்டமன்றம் நியூ ஆர்லியன்ஸின் அதிகாரபூர்வ காக்டெய்லாக அறிவித்தது.

செய்முறைக்கு 2 கிளாஸ் வேண்டும். ஒன்றை ஐஸ் போட்டுக் குளிரவைத்து, ஐஸைக் கொட்டிவிட்டு, உள்ளே சில துளி அப்சிந்த்தைச் சுழற்றி வெளியே ஊற்றிவிட வேண்டும். சோம்பு வாசம் மட்டும் சுவரில் ஒட்டியிருக்கும். இன்னொன்றில் ஒரு சர்க்கரைக் கட்டியை 3 சொட்டு பிட்டர்ஸில் நசுக்கி, 60 மி.லி. ரை விஸ்கியும் ஐஸும் சேர்த்துக் கிளறி முதல் கிளாஸில் வடிக்க வேண்டும். எலுமிச்சைத் தோலை அதன்மேல் முறுக்கி வாசனையைத் தெளித்துவிட்டுத் தோலை உள்ளே போடாமல் எடுத்துவிடுவது பழையவர்கள் முறை. குடிப்பவரின் கிளாஸில் ஐஸ் கிடையாது.

6 பேர் வரை என்றால் எனக்கு சாஸரக்தான். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். 360 மி.லி. ரை, 45 மி.லி. சர்க்கரைப் பாகு, இருபதுக்குக் குறையாத சொட்டு பிட்டர்ஸ், ஐஸ் உருகிச் சேரும் நீருக்குப் பதிலாக 90 மி.லி. தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு பாட்டிலில் கலந்து காலையிலேயே ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். மாலையில் கிளாஸைக் கழுவிச் சுழற்றுவதும் தோலை முறுக்குவதும் மட்டும்தான் மிச்சம். 25 பேருக்கு இதுவும் ஓடாது. அதோடு, விஸ்கி பழகாத ஒருவர் கையில் சாஸரக்கைக் கொடுத்தால் அவர் ஒரு மடக்கோடு ஜன்னலோரம் வைத்துவிடுவார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது.

ராமோஸ் ஜின் ஃபிஸ்ஸை வீட்டு விருந்துக்கு யாரும் யோசிக்க வேண்டாம். ஹென்றி ராமோஸ் 1888-இல் நியூ ஆர்லியன்ஸில் இதைக் கொண்டுவந்தபோது குலுக்குவதற்கென்றே பையன்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். ஜின், பாலாடை, முட்டையின் வெள்ளைக்கரு, ஆரஞ்சுப்பூ நீர் எல்லாம் நுரைத்து மேகம்போல் எழும்ப ஒரு கோப்பைக்கு 12 நிமிடம் குலுக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. பச்சை முட்டை வேறு.

ஹரிக்கேன் சுலபம். ரம், எலுமிச்சை, பேஷன் ஃப்ரூட் பாகு. பெரிய ஜாடியில் கலந்துவிடலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விஸ்கி தட்டுப்பாடாக இருந்தபோது ரம் மட்டும் குவிந்து கிடந்தது. அதைத் தீர்க்க பாட் ஓ'பிரையன்ஸ் மதுக்கடையில் பிறந்தது இந்தப் பானம். அரிக்கேன் விளக்குக் கண்ணாடி வடிவக் கிளாஸில் ஊற்றியதால் அந்தப் பெயர். நான் இதைத் தவிர்க்கக் காரணம் அதன் இனிப்பு. பழச்சாறுபோல் இறங்குவதால் உள்ளே எவ்வளவு ரம் இருக்கிறது என்று நாக்குக்குத் தெரியாது. காரில் வந்து காரில் திரும்பும் கூட்டத்துக்கு அப்படி ஒரு பானத்தைக் கொடுக்க மாட்டேன்.

ஆக, பெருங்கூட்டத்துக்கு மிஞ்சுவது இரண்டு பன்ச்கள். பன்ச் என்ற சொல்லே ஐந்து என்னும் பொருளில் இந்தியாவிலிருந்து போனது என்று பலர் சொல்வார்கள்: மது, சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், நறுமணப்பொருள். பஞ்சாமிர்தத்தின் பஞ்ச. இந்தியக் கடற்கரைக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனி மாலுமிகள் இங்கே கிடைத்த சாராயத்தில்தான் பன்ச் கலக்கப் பழகினார்கள்.

முதலில் பால் பன்ச். நியூ ஆர்லியன்ஸில் இது காலைச் சாப்பாட்டுக்கும் மதியத்துக்கும் நடுவில், விடுமுறை நாட்களில் குடிப்பது. 25 பேருக்கு 2 பாட்டில் பூர்பன் அல்லது பிராந்தி, 3 லிட்டர் கொழுப்புள்ள பால், 350 கிராம் பொடித்த சர்க்கரை, 2 மேசைக்கரண்டி வெண்ணிலா எசன்ஸ். கலக்கி, மூடிபோட்ட பாத்திரங்களில் ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்தால் போதும். ஆல்கஹால் இருப்பதால் கல்லாக உறையாது. குல்ஃபி பாதி உருகிய பதத்தில் கரண்டிக்கு மெத்தென்று வரும். கோப்பையில் ஊற்றி மேலே ஜாதிக்காயைத் துருவ வேண்டும். பொடியாகக் கடையில் வாங்கியதைப் போடாதீர்கள். முழுக் காயை அங்கேயே துருவும்போது எழும் வாசத்தில் எங்கள் வீட்டுத் தமிழ் விருந்தாளிகளுக்குப் பாயச நினைவு வந்துவிடுகிறது.

இந்த ஊரில் கிறிஸ்துமஸ் என்றால் முட்டையும் பாலும் சேர்த்த எக்நாக்தான் முதலில் நினைவுக்கு வரும். பால் பன்ச் அதற்கு ஒரு படி மேலே நிற்பது முட்டை இல்லாததால். முட்டை சேர்க்காத குடும்பங்கள் வரும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. செலவும் குறைவு. குறை என்னவென்றால் வயிற்றை அடைக்கும். கம்போ என்ற காரமான குழம்புக்கும் பொரித்த இறாலுக்கும் பக்கத்தில் பால் பானம் சேராது. மேசைமேல் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கவும் கூடாது. ஆகவே புத்தாண்டு அன்று பகல் 11 மணிக்கு இதைக் கொடுத்துவிட்டு, ஒரு மணிக்கு மேல் ஹாப்பிங் ஜான் பரிமாறுவேன். தட்டைப்பயறும் அரிசியும் பன்றி இறைச்சியும் சேர்ந்த சோறு அது; வருடத்தின் முதல் நாள் தின்றால் அதிர்ஷ்டம் என்பது தெற்கின் நம்பிக்கை. இறைச்சி சேர்க்காமல் ஒரு பானை தனியாக வைத்தால் அது ஏறத்தாழ நம் காராமணிச் சாதம்தான்.

இரவு விருந்துக்கு என் முடிவு சாத்தம் ஆர்ட்டிலரி பன்ச். சவானாவில் 1786-இல் அமைந்த பீரங்கிப் படைப்பிரிவின் பெயர் இதற்கு. ஜார்ஜ் வாஷிங்டன் அந்தப் படைக்குப் பரிசளித்த 2 பீரங்கிகள் இன்றும் அந்த நகரத்தின் பே தெருவில் நிற்கின்றன. 1885-இல் அகஸ்டா செய்தித்தாள் ஒன்றில் வந்த குறிப்பின்படி, குதிரைக்குத் தண்ணீர் காட்டும் வாளியில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, பிராந்தி, விஸ்கி, ரம் மூன்றையும் ஊற்றி, எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்து, மீதி இடத்தை ஷாம்பேனால் நிரப்பினார்களாம். தண்ணீரே கிடையாது. பெரிய பெரிய ஆட்களை இது சாய்த்த கதைகள் சவானாவில் நிறைய உலவும். நான் செய்வது அதைவிட மென்மையானது. பிற்காலச் சமையல் குறிப்புகள் பலவற்றில் தேநீர் சேர்ந்திருக்கிறது. அந்த வழியைப் பிடித்துக்கொண்டேன்.

விருந்துக்கு 2 நாள் முன்பே வேலை தொடங்கும். 12 எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் சீவ வேண்டும், வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். இங்கே சொல்வது அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் பெரிய மஞ்சள் எலுமிச்சை; நம் ஊர்ச் சின்னப் பழத்தில் இந்த எண்ணிக்கை ஒத்துவராது. தோலோடு 400 கிராம் சர்க்கரையைப் போட்டுக் கையாலேயே பிசைந்து, ஜாடியில் மூடி, ஒரு இரவு விட்டுவிடுங்கள். காலையில் திறந்தால் சர்க்கரை ஈர மணல்போல் நனைந்து, மஞ்சள் ஏறி, ஜாடியின் அடியில் எண்ணெய் பளபளப்போடு ஒரு பாகு தேங்கியிருக்கும். தண்ணீர் ஒரு சொட்டுகூட நாம் ஊற்றவில்லை. தோலிலிருந்து சர்க்கரையே இழுத்தெடுத்தது அது. சாற்றை எவ்வளவு பிழிந்தாலும் வராத வாசம் இந்தப் பாகில் இருக்கிறது. இதைச் செய்யாமல் கடைச் சாற்றை ஊற்றி எடுத்த பன்ச்சை ஒருமுறை குடித்தேன். மூன்று நல்ல மதுவும் அதில் வீணாய்ப் போயிருந்தன.

தோல் சீவிய பழங்களைப் பிழிந்தால் அரை லிட்டர் சாறு வரும். அதைப் பாகில் ஊற்றிச் சர்க்கரை கரையும்வரை குலுக்கி வடிகட்டுங்கள். அதில் பூர்பன், கோன்யாக் அல்லது நல்ல பிராந்தி, கறுத்த ஜமைக்கா ரம் மூன்றும் ஒவ்வொரு பாட்டில், 750 மி.லி. வீதம். ஒரு லிட்டர் கடுந்தேநீரை ஆறவைத்துச் சேருங்கள். தேயிலை நீண்ட நேரம் ஊறித் துவர்ப்பு ஏறிவிடக்கூடாது, 5 நிமிடம் போதும். பாட்டில்களில் நிரப்பிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் விருந்து மாலை வரை அதைத் தொட வேண்டாம். இருக்க இருக்க மூன்று மதுவும் ஒன்றோடொன்று இழைந்துகொள்ளும். ஒரு குழிப்பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீரையும் ஃப்ரீசரில் உறையவையுங்கள். பெரிய கட்டியாக இருந்தால் மெதுவாக உருகும். சின்ன ஐஸ் துண்டுகள் ஒரு மணி நேரத்தில் பன்ச்சை நீர்த்துவிடும். மாலையில் பெரிய பாத்திரத்தில் கட்டியை இறக்கி, கலவையை ஊற்றி, கடைசியாக 3 பாட்டில் ஷாம்பேன், மேலே ஜாதிக்காய்த் துருவல். இத்தாலிய ப்ரோசெக்கோ போதும், விலை உயர்ந்தது வேண்டாம்.

120 மி.லி. சின்னக் கோப்பையில் சுமார் 60 கோப்பை வரும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஐஸ் உருகியபின் ஒரு கோப்பையில் இருக்கும் ஆல்கஹால், அமெரிக்காவில் ஒரு பானம் என்று எண்ணும் 14 கிராமை ஒட்டி வருகிறது. விருந்தாளிகளிடம் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். 350 மி.லி. பீரைக் குடிப்பதும் இந்தச் சின்னக் கோப்பையும் ஒன்று என்று தெரிந்தால் அவரவர் அளவை அவரவர் பார்த்துக்கொள்வார்கள். ஜார்ஜியாவில் இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்தைத் தொட்டாலே வண்டி ஓட்டக்கூடாது. அந்த வரம்புக்கு நெருக்கமாகக்கூட யாரையும் என் வீட்டிலிருந்து அனுப்ப மாட்டேன். கூடத்துச் சோபா எப்போதும் தயாராக இருக்கும்.

கூடவே கொறிக்க எதை வைப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை: சீஸ் ஸ்ட்ரா. தெற்கில் இது இல்லாத விருந்து கிடையாது. 225 கிராம் காட்டமான செடார் சீஸைத் துருவி, 115 கிராம் வெண்ணெய், ஒன்றரைக் கப் மைதா, அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், உப்பு சேர்த்துப் பிசைய வேண்டும். இந்த ஊரில் இதைப் பிழிய நட்சத்திரத் துளை வைத்த அச்சு ஒன்று விற்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா முதல்முறை அதை எடுத்துக்காட்டியபோது நான் உள்ளே போய் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு உழக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். இருவரும் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அன்றிலிருந்து என் வீட்டு சீஸ் ஸ்ட்ரா ஒற்றை நட்சத்திர வில்லையில்தான் பிழிகிறேன். 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். டப்பாவில் ஒரு வாரம் நிற்கும். பிமென்டோ சீஸ், காரம் வைத்த அவித்த முட்டை, ஹாம் வைத்த பிஸ்கட் எல்லாம் வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம்.

குடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இன்னொரு பாத்திரம் கட்டாயம். அதே எலுமிச்சைப் பாகையும் சாற்றையும் தேநீரையும் இஞ்சிச் சாறோடு கலந்து சோடா ஊற்றினால் அது யாருக்கும் இரண்டாந்தரமாகத் தோன்றாது. இரண்டும் பார்க்க ஒரே நிறம் என்பதால் அதை வேறு மேசையில், வேறு வடிவப் பாத்திரத்தில், ஆரஞ்சு வளையங்கள் மிதக்கவிட்டு வையுங்கள். மதுப் பாத்திரத்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுகிறேன்.

மாலை 7 மணிக்கு எனக்கு மிச்சமிருக்கும் வேலை, 3 பாட்டில் ஷாம்பேனைத் திறப்பதும் ஜாதிக்காய் துருவுவதும். வாசல் மணி அடித்தால் நானே போய்க் கதவைத் திறக்கிறேன்.